கைவினைச் சந்தை: கடைக்காரர்களிடம் வாடகையா, கமிஷனா?

நூல்கண்டு:
மாதம் ஒருமுறை திறந்தவெளியில் கைவினைச் சந்தை நடத்தத் திட்டம். 20 கடைகள். வாடகை வாங்கலாமா, விற்பனையில் பங்கு கேட்கலாமா? மொத்தமாக வாங்கிவந்து "கையால் செய்தது" என்று விற்பவர்களை எப்படித் தடுப்பது?

சக்கரம்:
ஆரம்பத்தில் இரண்டையும் கலந்து வையுங்கள். பந்தல், விளக்குச் செலவை ஈடுகட்டும் அளவுக்குச் சிறு வாடகை, அதற்கு மேல் விற்பனையில் 10 சதவீதம். வெறும் கமிஷன் என்றால் கணக்கைக் குறைத்துக் காட்டுவார்கள். 20 கடையையும் உட்கார்ந்து சரிபார்க்க உங்களுக்கு ஆள் இருக்காது. வெறும் வாடகை என்றால் மழை பெய்த நாளின் நஷ்டம் முழுக்க செய்தவர் தலையில் விழும்.

விண்ணப்பத்தோடு பாதி முடிந்த பொருளின் படமும் கருவிகளின் படமும் கேளுங்கள். வாங்கி விற்பவரிடம் முடிந்த பொருளின் படம்தான் இருக்கும். அச்சில் வார்த்தது என்பதற்காகவே யாரையும் ஒதுக்கிவிடாதீர்கள், அதுவும் கைத்தொழில்தான். அச்சைச் செய்தது யார் என்று கேட்டால் போதும்.

இன்னொன்று, நகைக்கு நான்கு கடைக்கு மேல் கொடுக்காதீர்கள். முதலீடு குறைவு, பையில் போட்டு எடுத்து வந்துவிடலாம் என்பதால் விண்ணப்பம் அதில்தான் குவியும். அத்தனை பேரையும் சேர்த்தால் ஒருவருக்கும் வியாபாரம் ஆகாது.

தறிமேடை:
காற்றை மறந்துவிட்டீர்கள். 3 மீட்டருக்கு 3 மீட்டர் மடக்குக் கூடாரம் என்றால் காலுக்குக் குறைந்தது 20 கிலோ எடை வேண்டும். 20 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பினால் சரியாக அவ்வளவு வரும். கேனைக் காலடியில் சும்மா வைத்தால் பயனில்லை. கூரைக்கு அடியில் புகும் காற்று சட்டத்தையே மேலே தூக்கும், அதனால் மேல்மூலையிலிருந்து பட்டை இறக்கிக் கேனோடு இறுக்கிக் கட்ட வேண்டும்.

மேஜை முழுக்கப் பரப்பி வைக்க விடாதீர்கள். பின்வரிசையைப் பெட்டி அடுக்கிக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால்தான் நடைபாதையில் போகிறவர் பார்வையில் படும்.

நூல்கண்டு:
பலரும் விலையை ரொம்பக் குறைத்து வைக்கிறார்களே?

சக்கரம்:
மூலப்பொருள் செலவை மட்டும் பார்ப்பதால் வரும் வினை. மூலப்பொருள், கூலி, மேற்செலவு மூன்றும் சேர்ந்ததுதான் அடக்க விலை. உடைந்தது, சூளையில் வெடித்தது, பொதிகட்டும் நேரம் எல்லாம் மேற்செலவில் வர வேண்டும். அதன்மேல் லாபம் வைத்தால் மொத்த விலை, அதாவது வாங்கி விற்கும் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கும் விலை. சில்லறை விலை ஏறக்குறைய அதன் இரு மடங்கு. சந்தையில் மொத்த விலைக்கே விற்றுப் பழக்கிவிட்டால் பிறகு எந்தக் கடையும் அந்தப் பொருளை எடுக்காது, கடைக்காரருக்கு அதில் மிஞ்ச ஒன்றும் இல்லை.