ஒருவருக்குக் கொரோனா வந்தால் வீட்டில் எல்லாருக்கும் வருமா?

கேள்வி: 2020-இல் அப்பாவுக்குக் கொரோனா வந்தபோது ஒரே கழிப்பறை, ஒரே சமையலறைதான், ஆனாலும் வேறு யாருக்கும் வரவில்லை. 2022 ஜனவரியில் தம்பிக்கு வந்த மூன்றாம் நாளே அம்மா, நான், பாட்டி என்று வரிசையாகப் படுத்துவிட்டோம். அவன் இருமியதுமே தனி அறையில் விட்டோம், தட்டு டம்ளர்கூட தனி. எங்கே தவறினோம்?

பதில் 1: தவறெல்லாம் இல்லைங்க, அது ஓமிக்ரான் என்ற புதுவகைக் கொரோனாவின் அலை. 2021 டிசம்பரில் டென்மார்க்கில் கிட்டத்தட்ட 12,000 வீடுகளை ஆராய்ந்தார்கள்; அதற்கு முந்தைய டெல்டா வகை நுழைந்த வீடுகளில் மற்றவர்களில் 21 சதவீதம் பேருக்குத் தொற்றியது, ஓமிக்ரான் நுழைந்த வீடுகளில் 31. தடுப்பூசி போட்டவர்களிடம்தான் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது, அதாவது ஏற்கெனவே இருந்த எதிர்ப்புச் சக்திக்குப் பிடிகொடுக்காமல் ஓமிக்ரான் தப்பியதுதான் முக்கியக் காரணம்.

பதில் 2: அப்புறம், இருமல் தொடங்க ஓரிரு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும், அதனால் அறை மாற்றும்போதே தாமதமாகியிருக்கும். தட்டு டம்ளரைவிடக் காற்றைக் கவனியுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், பாட்டி பக்கத்தில் போகிறவர்கள் இறுக்கமான என்95 மாஸ்க் போடட்டும்.

கேட்டவர்: இப்போதுதான் புரிகிறது. அவன் இருமுவதற்கு முந்தின ராத்திரி ஏசி போட்டுக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் ஒரே அறையில் படுத்திருந்தோம், பாட்டி அவன் பக்கத்துப் பாயில். நல்லவேளை, பாட்டி தேறிவிட்டார்.