இஸ்ரேல்–பாலஸ்தீனம்: விளக்கக் கட்டுரைகளின் சார்பை எதைக் கொண்டு கண்டறிவது?

கேள்வி – பென்சில்கோடு

எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமை காஸா போரின் பின்னணி குறித்து நான் பேச வேண்டும். அதற்காக இரண்டு விளக்கக் கட்டுரைகளை அச்செடுத்து வைத்திருக்கிறேன். முதலாவது, 2023 அக்டோபர் 7 காலையில் தொடங்குகிறது. ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டதையும் 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டதையும் விரிவாகச் சொல்லிவிட்டு, 1948-ஐ ஒன்பதாவது பத்தியில் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறது. இரண்டாவது, 1948 போரில் ஏறத்தாழ 7 லட்சம் பாலஸ்தீனர்கள் ஊரிழந்ததில் தொடங்கி நிதானமாக நடந்து வந்து, அக்டோபர் 7-ஐ அடைந்ததும் ‘பதற்றம் வெடித்தது’ என்ற இரண்டு சொற்களோடு நகர்ந்துவிடுகிறது.

இரண்டிலும் பொய் என்று சொல்லத்தக்க வாக்கியம் எதுவும் எனக்கு அகப்படவில்லை. ஆனாலும் இரண்டும் சாய்ந்தே நிற்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நடுநிலை தானாக வந்துவிடும் என்கிறார் நண்பர் ஒருவர். கோணலான இரண்டு தராசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எடை சரியாகிவிடுமா என்பது என் ஐயம். இதைச் சோதிக்க உருப்படியான வழி ஏதேனும் உண்டா?

பதில் – பழைய மெய்ப்பாளர்

செய்தித்தாளில் மெய்ப்புப் பார்த்தே காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் கவனித்த தொடக்கப் புள்ளிதான் எல்லாவற்றிலும் பெரிய சாய்வு. அதை வாக்கியத்துக்குள் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அது வாக்கியம் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. ‘2005-இல் இஸ்ரேல் காஸாவிலிருந்து படையையும் குடியேறிகளையும் விலக்கிக்கொண்டது, 2007-இல் ஹமாஸ் ஆட்சியைக் கைப்பற்றியது’ என்று எழுதினால் ஒரு கதை. ‘2007 முதல் காஸாவின் வான்வழியையும் கடல்வழியையும் இஸ்ரேல் அடைத்துவைத்திருக்கிறது’ என்று எழுதினால் வேறொரு கதை. இரண்டும் உண்மை. எந்தக் கட்டுரை எதை விட்டது என்பதைப் பாருங்கள்.

அடுத்தது வினைச்சொல். உங்கள் பெயரிலேயே பென்சில் இருக்கிறது; அதை எடுத்து, சாவைக் குறிக்கும் ஒவ்வொரு வினையின் கீழும் கோடு போடுங்கள். ‘சுட்டுக் கொன்றனர்’ என்பதில் செய்தவர் இருக்கிறார். ‘கொல்லப்பட்டார்’ என்பதில் செய்தவர் ஒளிந்துகொள்கிறார். ‘உயிரிழந்தார்’ என்பதில் யாரோ செய்தார்கள் என்பதே மறைந்துவிடுகிறது. 2022 மே 11 அன்று மேற்குக் கரையின் ஜெனினில், செய்தியாளர் என்று எழுதிய கவச உடையோடு நின்றிருந்த அல் ஜஸீராவின் ஷிரீன் அபு அக்லே தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். சுட்டது யார் என்பது உறுதியாகாத முதல் நாளில் ‘உயிரிழந்தார்’ என்று எழுதியதைக் கூட ஏற்கலாம். ஆனால் பல செய்தி நிறுவனங்களின் ஆய்வுகள் குண்டு இஸ்ரேலியப் படையினர் நின்ற திசையிலிருந்து வந்ததாகக் கூறி, செப்டம்பரில் இஸ்ரேல் இராணுவமே தன் வீரர் ஒருவர் தவறுதலாகச் சுட்டிருக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஒப்புக்கொண்ட பிறகும் அதே வினை நீடித்தால், அதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதே பென்சிலை உங்கள் இரண்டாவது கட்டுரையின் ‘பதற்றம் வெடித்தது’ மீதும் வையுங்கள். பதற்றம் யாரையும் பிணை பிடிப்பதில்லை.

பதில் – அலைவரிசை

மெய்ப்பாளர் ஐயா சொன்னதோடு, மேற்கோளில் நடக்கும் வெட்டையும் சேர்க்க வேண்டும். 1967 அரபு–இஸ்ரேல் போருக்குப் பின் அந்த ஆண்டு நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 242-ஆம் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆங்கில வாசகம், அண்மைய மோதலில் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்கிறது. பகுதிகள் என்பதற்கு முன்னால் ஆங்கிலத்தின் ‘the’ என்ற சுட்டுச்சொல் இல்லை. அதனால் எல்லாப் பகுதிகளும் என்று பொருளாகாது என்பது இஸ்ரேல் தரப்பின் வாதம். பிரெஞ்சு வாசகத்தில் அந்தச் சுட்டு இருக்கிறது. எல்லாவற்றிலிருந்தும் விலக வேண்டும் என்பவர்கள் அதைக் காட்டுவார்கள். தமிழில் அப்படியொரு சொல்லே கிடையாது என்பதால், ‘எல்லாப் பகுதிகளிலிருந்தும்’ என்றோ ‘சில பகுதிகளிலிருந்து’ என்றோ மொழிபெயர்ப்பாளர் எழுதினால், அரை நூற்றாண்டு வழக்குக்கு அவரே தீர்ப்பு எழுதிவிட்டார் என்று பொருள். ‘பகுதிகளிலிருந்து’ என்று விட்டுவிடுவதே நேர்மை.

அதே தீர்மானத்தின் முகவுரை, போரின் மூலம் நிலம் சேர்ப்பது ஏற்கத்தக்கதன்று என்கிறது. படை விலகலுக்கு அடுத்த கூறு, அப்பகுதியின் ஒவ்வொரு நாடும் பாதுகாப்பான, ஏற்கப்பட்ட எல்லைகளுக்குள் அமைதியாக வாழும் உரிமையைச் சொல்கிறது. ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுகிற கட்டுரை எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

பதில் – மூன்றாம் பெஞ்ச்

மன்னிக்கவும், இத்தனை அளவுகோல்கள் எதற்கு? வலியவனுக்கும் எளியவனுக்கும் நடுவில் நிற்பதே வலியவனுக்குச் செய்யும் உதவிதான்.

பதில் – தாழ்வாரம்

மூன்றாம் பெஞ்ச் நண்பரின் கோபத்தை மறுக்கவில்லை. ஆனால் யார் பக்கம் நிற்பது என்பது ஒரு கேள்வி, படித்ததில் எதை நம்புவது என்பது வேறொரு கேள்வி. நீங்கள் எல்லோரும் கட்டுரையை மட்டுமே அளக்கிறீர்கள். வாசகரை யார் அளப்பது?

1982-இல் பெய்ரூட்டின் சப்ரா, ஷத்திலா பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர்கள் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். 1985-இல் வெளியான முடிவு இதுதான்: ஒரே ஒளிப்பதிவைப் பார்த்த இஸ்ரேல் ஆதரவாளர்களும் அரபு ஆதரவாளர்களும், அது தங்கள் தரப்புக்கு எதிராகச் சாய்ந்திருப்பதாகவே கூறினார்கள். ஆகவே ‘படித்ததும் எரிச்சல் வந்தது’ என்பது சான்றாகாது. ‘இரு தரப்பும் எங்களைத் திட்டுகிறது, எனவே நாங்கள் சரி’ என்று ஆசிரியர்கள் மார்தட்டுவதும் சான்றாகாது. இரு பக்கமும் திட்டுகிற மோசமான கட்டுரை ஏராளம். பிபிசியின் செய்திகளை ஆராய்ந்த தற்சார்புக் குழு 2006-இல், வேண்டுமென்றே செய்யப்பட்ட சார்பு இல்லை, ஆனாலும் முழுமையான, நியாயமான சித்திரம் தொடர்ச்சியாகத் தரப்படவில்லை என்று அறிக்கை கொடுத்தது. நோக்கம் நல்லதாக இருந்தும் விளைவு கோணலாகலாம்.

எனக்குப் பயன்படும் சோதனை, தவறு நேர்ந்த பிறகு என்ன செய்தார்கள் என்பது. 2023 அக்டோபர் 17 இரவு காஸாவின் அல்-அஹ்லி மருத்துவமனை வளாகத்தில் வெடிப்பு நிகழ்ந்ததும், பாலஸ்தீன அதிகாரிகளின் கூற்றை வைத்து இஸ்ரேலியத் தாக்குதல் என்று தலைப்புகள் வந்தன. இஸ்ரேல் அதை மறுத்து, இஸ்லாமிய ஜிகாத் என்ற பாலஸ்தீன ஆயுதக்குழுவின் தவறிய ராக்கெட் என்றது. காஸா சுகாதார அமைச்சகம் 471 பேர் இறந்ததாகச் சொன்னது. அமெரிக்க உளவுத்துறையின் மதிப்பீடு 100 முதல் 300 வரை. பாலஸ்தீன ஆயுதக்குழுக்கள் பயன்படுத்தும் வகை ராக்கெட் ஒன்று தவறி விழுந்ததையே சான்றுகள் சுட்டுகின்றன, மேலும் விசாரணை தேவை என்று நவம்பரில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு கூறியது. நியூயார்க் டைம்ஸ் சில நாட்களில் ஆசிரியர் குறிப்பு வெளியிட்டு, ஹமாஸ் தரப்பின் கூற்றை அளவுக்கு மிஞ்சி நம்பியதை ஏற்றுக்கொண்டது. எதிர்ப்பக்கத்தில், அக்டோபர் 7 தாக்குதலில் 40 குழந்தைகள் தலை துண்டிக்கப்பட்டார்கள் என்ற செய்தி உறுதியாகாமலேயே உலகைச் சுற்றி வந்தது. அதைப் பரப்பியவர்களில் எத்தனை பேர் அதே எழுத்தளவில் திருத்தம் போட்டார்கள் என்று தேடிப் பாருங்கள்.

இன்னொன்று. ‘ஹமாஸ் நடத்தும் சுகாதார அமைச்சகம்’ என்ற அடைமொழி பிழையன்று. ஆனால் 2014 காஸா போரில் பாலஸ்தீனர் தரப்பு இறப்புகளாக அந்த அமைச்சகம் 2,310 என்றும், ஐ.நா. 2,251 என்றும், இஸ்ரேல் 2,125 என்றும் கணக்கிட்டன. மொத்த எண்ணிக்கையில் நெருக்கம். இறந்தவர்களில் ஆயுதம் ஏந்தியவர் எத்தனை பேர் என்பதில்தான் பெரிய தகராறு. அமைச்சகத்தின் பட்டியல் அந்தப் பிரிவினையைச் செய்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வாசகருக்கு எண்ணின் எடை புரியும். ‘தனித்து உறுதிசெய்ய இயலவில்லை’ என்று எழுதுபவர், வெளிநாட்டுச் செய்தியாளர்கள் காஸாவுக்குள் சுதந்திரமாகச் செல்ல இஸ்ரேல் அனுமதிக்கவில்லை என்ற காரணத்தையும் எழுத வேண்டும்.

பென்சில்கோடு

நேற்று இரவு உட்கார்ந்து கோடு போட்டேன். முதல் கட்டுரையில் இஸ்ரேலியர் ஐந்து பேருக்குப் பெயரும் வயதும் இருக்கின்றன. பாலஸ்தீனர்கள் அனைவரும் எண்கள். இரண்டாவதில் அப்படியே தலைகீழ். வினைச்சொல்லுக்கும் முன்னால் இதுதான் கண்ணில் பட்டது. எனக்கு எந்தக் கட்டுரை மேல் முதலில் எரிச்சல் வந்தது என்பதையும் ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறேன். அதை வட்டத்தில் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யவில்லை.

ஒரு சொல்லில் மட்டும் சிக்கிக்கொண்டேன். ஆங்கிலச் செய்திகளில் வரும் ‘மிலிட்டன்ட்’ என்பதை எப்படி எழுதுவது? போராளி என்றால் பாராட்டு, பயங்கரவாதி என்றால் தீர்ப்பு. ஈழப் போர்ச் செய்திகளைப் படித்து வளர்ந்த நம் காதில் இரண்டுமே வெறும் சொற்களாக விழுவதில்லை.

பழைய மெய்ப்பாளர்

‘ஆயுதக்குழுவினர்’ என்று போடுங்கள். பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அடுத்த வாக்கியத்தில் எழுதுங்கள். அக்டோபர் 7-க்கு அது போதும். குண்டு வீசிய விமானத்துக்கும் அதே முறைதான்: ‘வான்வழித் தாக்குதலில்’ என்று நிறுத்தாமல், யாருடைய விமானம் என்று எழுதிவிடுங்கள்.