எஸ்டேட் பள்ளிக்கு ஊர்க்காசில் டீச்சர் வைக்கலாமா?

சேரம்பாடிப் பையன்:
நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகாவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளை ஒட்டிய ஒரு அரசு தொடக்கப் பள்ளி. பெயர் வேண்டாம். ஐந்து வகுப்பு, நாற்பதுக்குச் சற்று மேல் பிள்ளைகள், இரண்டு டீச்சர். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துச் சமாளிக்கிறார். மூன்றாவது படிக்கும் என் அக்கா மகள் தன் பெயரைத் தாண்டி ஒரு வரி எழுதத் திணறுகிறாள்.

கோவை, திருப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் ஆளுக்கு மாதம் 200 ரூபாய் போடத் தயார். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிற அக்கா ஒருவர் இங்கேயே இருக்கிறார். 6,000 கொடுத்தால் வருவார். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசியாயிற்று, யாரும் மறுக்கவில்லை. ஊரும் அரசும் சேர்ந்து செய்வதில் என்ன தப்பு?

ஓய்வுபெற்ற ஹெச்.எம்.:
தம்பி, மனசு நல்ல மனசு. ஆனாலும் வேண்டாம் என்பேன். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். 61-ஆவது பிள்ளை வந்தால்தான் மூன்றாவது ஆள். மலைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. இங்கே பள்ளிகள் சின்னதாகத்தான் இருக்கும், பெரிதாக ஆக்க வேண்டுமென்றால் பிள்ளைகளைக் காடு தாண்டி நடக்க விட வேண்டும். சண்டை போட வேண்டியது இந்தக் கணக்கோடு. நீங்கள் கைக்காசில் மூன்றாவது ஆளை வைத்த நாளிலிருந்து கோப்பில் அந்தப் பள்ளிக்குக் குறையே இருக்காது.

2022-இல் அரசுப் பள்ளிகளின் 13,331 ஆசிரியர் காலியிடங்களை மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பச் சொன்னபோது தொடக்க வகுப்பு எடுக்கிற இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய் என்றார்கள். தேர்வு எழுதிக் காத்திருந்தவர்கள் கொதித்தார்கள். நீங்கள் அதிலும் 1,500 குறைக்கிறீர்கள்.

குந்தாக்காரன்:
சார், இப்படியே யோசித்திருந்தால் தமிழ்நாட்டில் பாதிப் பள்ளிக்குக் கூரை வந்திருக்காது. காமராஜர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடத்தினார்கள். நிலம், பெஞ்சு, சீருடை என்று ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். மதிய உணவே 1956-இல் ஊர்ப் பங்களிப்போடு தொடங்கியதுதான். பிறகு அரசு தன் தலையில் எடுத்துக்கொண்டது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார், 2022-இல் காலை உணவும் வந்துவிட்டது. ஊர் முதலில் செய்து காட்டும், அரசு பின்னால் வரும்.

ஓய்வுபெற்ற ஹெச்.எம்.:
பெஞ்சு அடுத்த மாசம் சம்பளம் கேட்காது, குந்தாக்காரரே. திருப்பூரில் ஆர்டர் குறைந்தால் அந்த டீச்சர் கதி என்ன?

ஓவேலி வாசி:
மூன்று பேருமே ஒருவரை விட்டுவிட்டீர்கள். தோட்ட முதலாளி எங்கே? 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், 6 முதல் 12 வயதுக்குள் தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் படிப்புக்கு வசதி செய்யச் சொல்லி முதலாளிக்கு அரசு விதி போடலாம் என்று இருந்தது. இன்று அதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். டான்டீ, அதாவது அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் என்றால் முதலாளியே அரசுதான், அது தனிக் கூத்து.

ஊர்ப் பங்களிப்பு என்று சொல்வதும் கூடலூர்ப் பக்கம் சுலபமில்லை. எங்கள் ஆட்கள் வகுப்பறை கட்ட இடம் கொடுக்க முன்வந்தார்கள். 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில் பிரிவு 17-க்குள் வருகிற, உரிமை யாருக்கென்று தீராத நிலமாம். வீட்டுக்குக் கரண்ட் வாங்கவே அந்த நிலத்தில் தலைகீழாக நிற்கிறோம், பள்ளிக்கு எங்கே போவது? பேச்சு அதோடு நின்றது.

மழைக்காரி:
நான் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவள். மாதம் 1,000 ரூபாய், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். எல்லோரும் பள்ளிக்குள் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். வராத பிள்ளைகளை ஒருவரும் கேட்கவில்லை.

பதிவேட்டில் நாற்பது இருக்கும். ஜூனில் மழை பிடித்தால் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். 2024 ஜனவரியில் பந்தலூர்ப் பக்கம் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றதே, அதற்கு அப்புறம் எந்த அம்மா பிள்ளையைத் தனியாகத் தேயிலைக்குள் அனுப்புவாள்? தூரத்துக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வண்டிக்கும் துணை ஆளுக்கும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் பி.எம். ஸ்ரீ என்கிற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-இல் ஒன்றிய அரசு அந்தத் திட்டத்தின் பங்கையே நிறுத்தியது. 2,000 கோடிக்கு மேல். இரண்டு யானை சண்டையில் நசுங்குகிற புல் எங்கள் ஜீப் வாடகை.

வந்து சேர்ந்தாலும் முதல் வகுப்பில் பணியக் குழந்தைக்கு டீச்சர் பேசுகிற தமிழ் பாதிதான் புரியும். வீட்டில் பேசுவது வேறு. அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளை வருஷம் முழுக்க அரும்பிலேயே இருக்கும். கேட்டால் "மந்தம்" என்று சொல்லிவிடுவார்கள்.

அதனால் உங்கள் காசு டீச்சருக்கு வேண்டாம் தம்பி. குடியிருப்பிலிருந்தே ஒரு பெண்ணை வையுங்கள். காலையில் பிள்ளைகளைக் கூட்டி வரட்டும், மதியம் வரை சின்ன வகுப்பில் கூட இருக்கட்டும்.

அப்புறம், மேலாண்மைக் குழு மறுக்கவில்லை என்றீர்கள். முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். கூட்டம் வேலை நாளில் மூன்று மணிக்கு. பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. அப்படியிருக்க, மறுக்க யார் வந்திருப்பார்கள்?

சேரம்பாடிப் பையன்:
அக்கா, கூட்டி வர ஆள் வேண்டும் என்பது சரி. ஆனால் கூட்டி வந்து எங்கே உட்கார வைப்பது? அதே ஒற்றை அறையில்தானே? இரண்டும் வேண்டும்.

குந்தாக்காரன்:
கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். வருஷத்தில் ஆறு முறை நடக்கிறது.

ஓவேலி வாசி:
நெல்லியாளம் நகராட்சிக்குள் இருந்தால் கிராம சபையே கிடையாது. நாங்கள் பேரூராட்சி, எங்களுக்கும் இல்லை. காட்டுக்குள் யானையோடு இருக்கிறோம், பேப்பரில் நகரவாசி.

ஓய்வுபெற்ற ஹெச்.எம்.:
கிராம சபை இல்லாவிட்டால் என்ன, மேலாண்மைக் குழுவுக்கே சட்டம் ஒரு வேலை கொடுத்திருக்கிறது. மூன்று வருஷத்துக்குப் பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவது. அதில் மூன்றாவது ஆசிரியர், துணை ஆள் இரண்டையும் காரணத்தோடு எழுதி முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பி, பதிவெண் வாங்கி வையுங்கள். பெரும்பாலான இடத்தில் போன வருஷத் தாளில் தேதியை மட்டும் மாற்றுகிறார்கள்.

சேரம்பாடிப் பையன்:
எழுதுகிறோம் சார். பதில் வருவதற்குள் என் அக்கா மகள் ஐந்தாவது முடித்துவிடுவாள். அதனால் டீச்சரையும் வைக்கிறோம். வளர்ச்சித் திட்டத்திலேயே "அரசு நியமிக்கும் வரை ஊர்ச் செலவில்" என்று தொகையோடு எழுதிவிடுகிறோம், கோப்பில் குறை மறையாது.

ஓய்வுபெற்ற ஹெச்.எம்.:
அந்த வரியை எழுதினால் பாதி ஒத்துக்கொள்கிறேன். 6,000-ஐ ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மழைக்காரி:
திட்டம் எழுதுகிற கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். குடியிருப்பிலிருந்து அம்மாக்களைக் கூட்டி வருவது என் பொறுப்பு. முதல் மாசத்துக் காசு எதற்கு என்று அவர்களிடமே கேளுங்கள். டீச்சருக்கு என்றால் நான் அங்கேயும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.