‘டவுட்’ எண்டு எழுதி மாட்டின கதை. உங்களுக்கும் இப்பிடி நடந்திருக்கா?

உப்புவெளிப் பொடியன்:
கனநாளா மனசுக்குள்ள கிடந்து அரிக்குது, அதான் இஞ்ச போடுறன். 2016 சீசன், திருகோணமலை நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல்ல ரிசப்சன் வேலை. லண்டன்ல இருந்து வந்த ஒரு அம்மாட மோதிரம் காணாமப் போட்டுது. அண்டைக்குக் காலம அவவ கன்னியா வெந்நீர் ஊத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது எங்கட ஓட்டோ அண்ணன். எனக்கு அவரில ஒரு இது. ஏனெண்டு கேக்காதீங்க, இப்ப நினைச்சா வெக்கம். மெனேஜர் ‘ஆர்ல சந்தேகம் எண்டு இங்கிலீசில எழுதித் தா’ எண்டார், எழுதினன்: ‘ஐ டவுட் தட் த டிரைவர் டுக் இட்.’ டிரைவர்தான் எடுத்திருப்பார் எண்டு சந்தேகப்படுறனாம். அந்த அம்மா அத வாசிச்சுப்போட்டு நேரா வெளியில போய் ஓட்டோ அண்ணன்ட ரெண்டு கையையும் பிடிச்சு என்னமோ சொல்லுது, பக்கத்தில நிண்ட மெனேஜர் தமிழ்ல சொல்ல அவர் என்னைத் திரும்பிப் பாக்கிறார், கண் கலங்கியிருக்கு. எனக்கு ஒண்டும் விளங்கல்ல. பிறகுதான் தெரியும், டவுட் தட் எண்டா ‘அவர் எடுத்திருப்பார் எண்டு நான் நம்பல்ல’ எண்டு அர்த்தமாம். நான் போட்டிருக்க வேண்டியது ‘சஸ்பெக்ட்’. மோதிரம் பின்னேரம் அவட சோப்புப் பைக்குள்ளயே கிடந்து எடுத்தாச்சு, அது வேற.

இப்பவும் பஸ் ஸ்டாண்டில கண்டா ‘அண்டைக்கு நீ ஒருத்தன்தானடா எனக்காக நிண்டனி’ எண்டு பிளேன்டீ வாங்கித் தாறார். எத்தின பிளேன்டீ குடிச்சிட்டன். சொல்ல வாய் வரல்ல.

பழைய என்ஜிஓக்காரன்:
தம்பி உங்கட கதையில ஆரும் நோகல்ல. என்ட அப்பிடியில்ல. சுனாமி முடிஞ்ச அடுத்த வருசம், 2005, குச்சவெளிப் பக்கம் ஒரு முகாம், நான் மொழிபெயர்ப்பு. வெள்ளைக்காரன் சொல்லுறான் ‘ஐ டோன்ட் திங்க் த போட்ஸ் வில் கம் திஸ் மந்த்’. நான் சொல்லுக்குச் சொல் மாத்திப்போட்டன்: ‘இந்த மாசம் வள்ளம் வரும் எண்டு இவர் நினைக்கல்ல.’ முன்னுக்கு இருந்த ஒரு ஆச்சி, வலையும் போய் வள்ளமும் போன மனிசி, என்னை நிமிந்து பாத்து ‘நினைக்காட்டி நினைச்சுப் பாக்கச் சொல்லு தம்பி’ எண்டா. அவ்வளவுதான். எல்லாரும் பேசாம இருந்தவை. ‘வராது எண்டு நினைக்கிறார்’ எண்டெல்லோ நான் சொல்லியிருக்க வேணும், நாங்க இல்லைய வாறதில வைப்பம், அவங்கள் கொண்டுபோய் நினைப்பில வைப்பாங்கள். இப்ப விளங்குது. ஆச்சி இப்ப இருக்கிறாவோ தெரியா.

கிண்ணியா மச்சான்:
புறாத்தீவுக்கு போட் ஓட்டுறன். ஒரு ஜெர்மன் பொம்புள தண்ணிக்க குதிக்க முதல் கேக்குறா, ‘டூ யூ நோ இஃப் தெயர் ஆர் ஷார்க்ஸ்?’ நமக்கு இஃப் எண்டா ‘இருந்தா’ தானே, ஸ்கூல்ல அப்பிடித்தான் படிச்ச. ‘சுறா இருந்தா உனக்குத் தெரிஞ்சிருமா’ எண்டு கேக்குறா எண்டு நெனச்சி நெஞ்ச நிமித்தி ‘யெஸ் மேடம், ஐ வில் டெல்’ எண்டன். அவ ஒரு மாதிரிப் பாத்துட்டு, பகிடி எண்டு நெனச்சாவோ என்னமோ, சிரிச்சிக்கிட்டுக் குதிச்சா. அஞ்சு நிமிசம் இல்ல, கறுத்த செட்டைச் சுறா ஒண்டு, அது பாவம் ஒண்டும் செய்யாது, அவட காலுக்குக் கீழால போகுது. நான் சொன்ன மாதிரியே ‘மேடம், ஷார்க்!’ எண்டு கத்தினன். ஏணி இருந்திச்சி, அவ அத எங்க பாத்த, போட்ட கவுக்காத குறை. ‘இருக்கா இல்லையா தெரியுமா’ எண்டுதான் கேட்டிருக்கா.

டியூசன் சேர்:
எல்லாரும் ஒரே பிழையத்தான் விட்டிருக்கிறீங்கள். எனக்கும் ஒருக்கா இன்டர்வியூவில ‘ஐ டோன்ட் நோ வெயர் இஸ் த ஃபைல்’ எண்டு வந்து ‘வெயர் த ஃபைல் இஸ்’ எண்டு திருத்தினவங்கள், அதை விடுங்கோ. விசயம் என்னெண்டா, நாங்க ‘எண்டு’ எண்டத கடைசியில போடுறம், அது ‘சொல்லி’ எண்ட அர்த்தத்தில இருந்து வந்த சொல்லு, ‘என்’ எண்ட வினையில இருந்து. இங்கிலீஸ்காரன் ‘தட்’ எண்டு முதல்ல காட்டிப்போட்டுப் பிறகு சொல்லுறான், நோ, திங்க் ரெண்டுக்கும் பேச்சில அந்தத் தட்டை விட்டாலும் குறையில்ல. ஆனா பின்னால என்ன வரலாம் எண்டது வினையப் பொறுத்தது. திங்குக்குப் பின்னால இஃப், வெதர் சும்மா வராது, ‘ஐ திங்க் வெதர் ஹீ கேம்’ எண்டு ஓஎல் சோதினைப் பேப்பரில எழுதினா சிவப்புப் பேனைதான். நோவுக்குப் பின்னால வரும், வண்டர் எண்டதுக்குப் பின்னாலயும் வரும். ‘நீந்தத் தெரியும்’ எண்டத ‘ஐ நோ டு ஸ்விம்’ எண்டு எழுதுறீங்கள், நடுவில ஹவ் வேணும். ஒரு வாக்கியத்துக்குள்ள கேள்வி போனா கேள்வியின்ட ஒழுங்கு மாறும். எல்லாத்திலயும் பெரிய விசயம், நோ எண்டு எழுதினா பின்னால வாறது உண்மை எண்டு நீங்க பொறுப்பெடுக்கிறீங்கள், திங்க் எண்டா தப்பி ஓட வழியிருக்கு. உப்புவெளித் தம்பி, உங்களுக்கு டிக்சனறி பாக்கிற பழக்கம் இருந்திருந்தா இந்தக் கதையே இல்ல. ஒரு நாளைக்கு அஞ்சு வினை வீதம் கொப்பியில எழுதிப் பழகுங்கோ.

பழைய என்ஜிஓக்காரன்:
சேர், ஆர் கேட்டது? நாங்க கதை சொல்ல வந்தம், கிளாசுக்கு வரல்ல. அதோட, டவுட் எண்டதுக்கு அந்தத் தம்பி நினைச்ச அர்த்தமும் உலகத்தில இருக்கு. ஸ்கொட்லாந்துக்காரர் ‘ஐ டவுட் இட்டில் ரெய்ன்’ எண்டா மழை வரும் போல எண்டுதான் சொல்லுறாங்கள். எங்கட ஆபீசில ஒருத்தன் இருந்தவன், அவன் அப்பிடிச் சொன்ன அண்டைக்கெல்லாம் நான் குடையில்லாம நனைஞ்சன்.

டியூசன் சேர்:
அது வட்டார வழக்கு. சோதினைக்குச் செல்லாது.

உவர்மலை அக்கா:
சண்டை பிடிக்காதீங்கோ ரெண்டு பேரும். என்டது சின்னக் கதை. தங்கச்சிட மகன் டொரொண்டோவில, ஏழு வயசு. எனக்கு விசா சரிவரல்ல, தங்கச்சி அவனுக்குச் சொல்லிப்போட்டு போனைக் குடுத்திட்டா. ‘பெரியம்மா, ஐ தாட் யூ வேர் கமிங்’ எண்டான். ‘வருவீங்க எண்டெல்லோ நினைச்சிருந்தன்’ எண்டுதான் அவன் சொன்னது. வேர் எண்டது பழைய காலம் எண்டு எனக்கு அப்ப பிடிபடல்ல, வாறீங்க எண்டு நினைக்கிறன் எண்டுதான் கேட்டுது. ‘யெஸ் கண்ணா, ஐ ஆம் கமிங்’ எண்டன். பிள்ளை சந்தோசத்தில கத்தினதும் தங்கச்சி போனைப் பறிச்சதும் இன்னும் காதுக்குள்ள இருக்கு.

உப்புவெளிப் பொடியன்:
ஸ்கொட்லாந்துக் கதைக்கு நன்றி அண்ணா, ஆனா அந்த அம்மா லண்டன்தான், தப்ப ஏலாது. சேர், கோவிக்காதீங்க, உங்களிட்ட ஒண்டு கேக்கத்தான் திரும்ப வந்தன். ஓட்டோ அண்ணன்ட மகன் கொழும்பில ஒரு வேலைக்குப் போடுறானாம், அப்பாட ஓட்டோவும் கொஞ்சநாள் ஓடினவன், இங்கிலீசில ஒரு கரெக்டர் லெட்டர், அதான் நற்சான்றுக் கடிதம், வேணுமாம், ‘உன்னைவிட ஆர் எழுத’ எண்டு என்னட்டயே வந்து நிக்கிறார், பாரை மீனும் கொண்டு வந்தார். பொடியன் நல்லவன், நேர்மையானவன். நான் ‘ஐ நோ தட் ஹீ இஸ் ஹானஸ்ட்’ எண்டு போடவா, ‘ஐ திங்க்’ எண்டு போடவா? இண்டைக்கு ராத்திரி மெயில் ரயிலுக்கு முதல் குடுக்கோணும்.

டியூசன் சேர்:
உங்களுக்கு அந்தப் பொடியனை எத்தினை வருசமாத் தெரியும்?

உப்புவெளிப் பொடியன்:
பொறந்த நாள்ல இருந்து.

டியூசன் சேர்:
நோ போடுங்கோ. அனுப்ப முதல் எனக்கு ஒருக்கா காட்டுங்கோ.