விண்ட்சர்ஃபிங்கில் நடுக்கடலில் மாஸ்ட் ஜாயிண்ட் (பாய்மரத்தைப் போர்டோடு சேர்க்கும் இணைப்பு) அறுந்தவர்கள் இருக்கிறீர்களா?

கடற்காகம்:
நல்ல காற்று, போர்டு தண்ணீரைவிட்டு எழும்பி ஓடுகிறது, இரண்டு காலும் போர்டின் ஸ்டிராப்பில், ஹார்னஸ் (உடலில் கட்டி, கொக்கியால் பாயோடு இணையும் பட்டை) மாட்டியிருக்கிறேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். பாய் முன்னால் சாய, அதன் மேலேயே நானும் விழுந்தேன். ஜாயிண்டில் வளைந்து கொடுக்கும் தண்டான டெண்டன் இரண்டு துண்டு. கூட இருந்த காப்புப் பட்டையும் வெயிலில் நைந்திருந்ததால் தாங்கவில்லை. ஹார்னஸ் கொக்கியை விடுவித்துத் தலையைத் தூக்கினால், போர்டு தனியாகக் காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது. தண்ணீரில் படுத்த பாய் நங்கூரம் மாதிரி அங்கேயே கிடக்கும், வெறும் போர்டு நிற்காது என்பது உங்களுக்குத் தெரியும். பாயை விட்டுவிட்டு நீந்தினேன். பின் ஸ்டிராப்பில் விரல் பட்டது, பிடிப்பதற்குள் ஒரு அலை அதை அப்பால் தள்ளியது. அடுத்த எட்டில் கிடைத்துவிட்டது, சரி. ஆனாலும் அந்த ஸ்டிராப் விரல் நுனியில் வழுக்கியது இன்னும் தூக்கத்தில் வருகிறது. டெண்டனை எப்போது மாற்றுகிறீர்கள்?

வாடைக்காற்று:
எனக்கு அறுந்ததில்லை. ஒருமுறை கரையிலேயே விரிசலைப் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான். ஆனால் டெண்டனை நம்புவதே தப்பு. மணல்கடிகார வடிவ ரப்பர் ஜாயிண்டுக்கு மாறுங்கள். அப்படியே மாஸ்ட் பேஸ் (ஜாயிண்ட் போர்டில் பொருந்தும் அடிப்பகுதி) எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். போர்டிலுள்ள ஸ்லாட்டில் பின்னால் தள்ளினால் போர்டு லேசாக ஓடும், ஆனால் மூக்கு துள்ளும். முன்னால் தள்ளினால் அடங்கும், வேகம் கொஞ்சம் போகும். ஒவ்வொரு தடவையும் 1 செ.மீ. போதும். காற்று மிஞ்சினால் பூமை (கையால் பிடிக்கும் குறுக்குச் சட்டம்) சற்று இறக்குங்கள், டவுன்ஹாலை (பாயைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டும் கயிறு) இன்னும் இழுங்கள், மேல்பக்கம் பாயின் ஓரம் தளர்ந்து காற்றைக் கொட்டிவிடும். ஹார்னஸ் கயிறு இரண்டு கைக்கும் ஒரே பாரம் வருகிற இடத்தில் இருக்க வேண்டும். பின்கை மட்டும் கடுத்தால் கயிற்றைப் பின்னால் நகர்த்துங்கள்.

உப்புக்கரை:
அவர் கேட்டது டெண்டனைப் பற்றி, நீங்கள் பூம் வரைக்கும் போய்விட்டீர்கள். ரப்பர் மட்டும் என்ன சாகாவரம் வாங்கி வந்ததா? என்னுடையது வெளியே பளபளவென்றுதான் இருந்தது. உலோகத்தோடு ஒட்டியிருக்கும் இடத்தில் பிரிந்தது. பட்டை தாங்கியதால் மெதுவாகக் கரைக்கு வந்தேன். டெண்டனையாவது கழற்றி, கையால் நன்றாக வளைத்து, வெடிப்பைப் பார்க்கலாம். எதுவானாலும் பட்டையைத்தான் முதலில் மாற்ற வேண்டும், அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நீலத்திமில்:
ஜாயிண்ட் கதை இல்லை, மன்னிக்கவும். பழைய போர்டு ஒன்று வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் ஸ்டிராப்பை உள்பக்கம் தள்ளி வைக்க ஆசைப்பட்டு, தானே புதுத் துளை போட்டிருக்கிறார். மேலே எபாக்ஸி பூசி அழகாகத்தான் மூடியிருந்தது. தூக்கும்போது ஏதோ கனம். காற்றுத்துளைத் திருகைக் கழற்றி, போர்டைக் கவிழ்த்துச் சாய்த்து வைத்தேன். சொட்டு சொட்டாகப் பழுப்பு நிறத்தில் தண்ணீர். மறுநாள் காலையிலும் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பது தெர்மோகோல் நுரை, குடித்த தண்ணீரை லேசில் விடாது. திருகு பிடிக்கும் அடைப்பான் தொழிற்சாலையிலேயே வைக்காத இடத்தில் துளை போடாதீர்கள், ஐயா.

வாடைக்காற்று:
@உப்புக்கரை பூம் உயரம் சரியில்லை என்றால் ஜாயிண்டில் விழும் அடி கூடும், அதற்காகத்தான் சொன்னேன்.

உப்புக்கரை:
அதனால் அடி அதிகமாகாது. பாரம் வேறு, அடி வேறு. போர்டு துள்ளி விழும்போது வாங்கும் அடியும், வெயிலும்தான் ஜாயிண்டைத் தின்கின்றன. கரையில் வைக்கும்போது பேஸைக் கழற்றி நிழலில் போடுங்கள்.

கடற்காகம்:
சண்டை போடாதீர்கள். டெண்டன், பட்டை, பூட்டும் முள் எல்லாம் புதிதாகவே வாங்கிவிட்டேன். அறுந்த துண்டைக் கத்தியால் பிளந்து பார்த்தால், மேலே மெல்லிய தோல் மட்டும் நல்லதாக இருக்கிறது, உள்ளே பாதிக்குமேல் பழைய வெடிப்பு, உப்புப் படிந்து வெளுத்திருக்கிறது. பாயும் அதோடு போன மாஸ்டும் திரும்பக் கிடைக்கவில்லை. 5.8 சதுர மீட்டர் பாய்க்குப் பொருந்துகிற 430 செ.மீ. மாஸ்ட் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், மெல்லிய விட்டமானால் நல்லது.