மறதி நோயும் புற்றுநோயும் சேர்ந்த தந்தைக்கு வீட்டிலேயே இறுதிக்காலப் பராமரிப்பு: வழிகாட்டுங்கள்

கேள்வி – குடியாத்தம் மகள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் குடியாத்தத்தைச் சேர்ந்த நெசவாளர் குடும்பம். என் தந்தைக்கு எண்பது வயதாகப் போகிறது. சில ஆண்டுகளாகவே மறதி நோய் இருக்கிறது. இப்போது பிள்ளைகள் யாரையும் அவருக்குத் தெரியவில்லை, என் தாயாரை மட்டும் சில வேளைகளில் அடையாளம் கண்டுகொள்கிறார். இந்நிலையில், புராஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. இதுவரை போட்டுவந்த ஹார்மோன் ஊசி இனிப் பயன் தராது என்றும், கீமோதெரபியை அவர் உடல் தாங்காது என்றும் மருத்துவர்கள் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள்.

"நைனா, வலிக்குதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்கிறார். ஆனால் வேட்டி மாற்றுவதற்காக அம்மா அவரை ஒருபக்கமாகத் திருப்பும்போது பல்லைக் கடிக்கிறார், அம்மாவின் கையைத் தட்டிவிடுகிறார். பொழுது சாய்ந்தால் போர்வையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தறியில் நாடா தள்ளுவதுபோல் இழுத்து இழுத்து, "இழை அறுந்துபோச்சு" என்று அழுகிறார். இது மறதி நோயின் குழப்பமா, எலும்பு வலியா என்று எங்களால் பிரித்தறிய முடியவில்லை. மாத்திரையை "வலி இருக்கும்போது கொடுங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். வலி இருக்கிறது என்று சொல்லத் தெரியாதவருக்கு அதை எப்போது கொடுப்பது?

உணவும் குறைந்துவிட்டது. மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடலாம் என்று உறவினர் சொல்கிறார்கள். சென்னையில் இருக்கும் அண்ணன் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்கிறார். அம்மாவோ தறி இருக்கும் இந்த வீட்டைவிட்டு அவரை எங்கும் கொண்டுபோகக் கூடாது என்கிறார். காட்பாடியில் வேலை பார்க்கும் நான் மாலையில்தான் வந்து உதவ முடிகிறது. வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதென்றால் என்னென்ன ஏற்பாடுகள் வேண்டும்? மார்பின் என்ற கடும் வலிக்கான மருந்தைக் கொடுத்தால் உயிர் சீக்கிரம் போய்விடும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில் – ஓய்வுபெற்ற செவிலியர், வேலூர்

சகோதரிக்கு வணக்கம். வலி தணிப்புச் சிகிச்சையில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்களே விடையைப் பாதி எழுதிவிட்டீர்கள். திருப்பும்போது பல்லைக் கடிப்பதும் கையைத் தட்டிவிடுவதும், எலும்பில் புற்று பரவியவரிடம், வேறு காரணம் உறுதியாகும் வரை வலி என்றே கொள்ள வேண்டியவை.

பேச இயலாத மறதி நோயாளிகளின் வலியை அளப்பதற்கென்று 2003இல் வெளிவந்த ஒரு முறை உண்டு. மூச்சு, முனகல், முகம், உடலின் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் இடுவார்கள். அம்மா காலையிலும், திருப்பிப் படுக்கவைக்கும்போதும், விளக்கு வைக்கும் நேரத்திலும் இவற்றைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வரட்டும். அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டி, "வலி இருக்கும்போது" என்பதை மாற்றி மணிக்கணக்குப்படி கொடுக்கும்படி எழுதித்தரக் கேளுங்கள். தேவைப்படும்போது கேட்டு வாங்கிக்கொள்ளும் முறை, கேட்கத் தெரிந்தவருக்கே பொருந்தும். உங்கள் தந்தை கேட்கவே மாட்டார். ஆகவே மாத்திரை அவரைத் தேடி நேரத்துக்குப் போக வேண்டும்.

மார்பின் பற்றிய அச்சத்தால் எத்தனையோ பேர் வீணாக வலியில் கிடந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அழுத்திச் சொல்கிறேன். சிறிய அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டினால் மார்பின் உயிரைக் குறைப்பதில்லை. தொடக்கத்தில் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது. எனவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் கூடவே தர வேண்டும். வயதானவர் என்பதாலும் மறதி நோய் இருப்பதாலும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தே அளவை முடிவு செய்வார்கள். 2014இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் இதை வழங்குவது முன்னைவிட எளிதாகியிருக்கிறது. வீட்டில் பூட்டி வையுங்கள். மிஞ்சினால் வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

மாலை நேரத்து அழுகை முழுவதையும் மறதி நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். புராஸ்டேட் நோய் உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டு அடிவயிறு கல்லாக இருக்கும். அதைச் சொல்லத் தெரியாமல் அவர் தவிப்பார். தொப்புளுக்குக் கீழே கை வைத்துப் பாருங்கள், மலம் கழித்து எத்தனை நாளாயிற்று என்றும் பாருங்கள். தூக்க மாத்திரை கேட்பதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். கால்கள் திடீரென வலுவிழந்தால், அல்லது சிறுநீர் முற்றிலும் நின்றால், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முதுகெலும்பில் உள்ள கட்டி நரம்பை நெரிப்பதாக இருக்கலாம்.

ஓரிடத்து எலும்பு வலிக்கு ஒரே ஒரு முறை கொடுக்கும் கதிர்வீச்சும் நல்ல பலன் தரும். பல நாள் அலைய வேண்டியதில்லை என்பதால், அதைப் பற்றியும் கேளுங்கள்.

ஏற்பாடு என்று பார்த்தால், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வலி தணிப்புப் பிரிவு இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டிலேயே கிடைக்கின்றன; உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்றுப் படுக்கை ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். அது இருந்தாலும் இரண்டு மணிக்கொருமுறை திருப்பிவிடுவதை நிறுத்தக் கூடாது. திருப்புவதற்கு அரைமணி, முக்கால் மணி முன்பாக மாத்திரை உள்ளே போயிருந்தால் அம்மாவுக்கும் அவருக்கும் போராட்டம் குறையும்.

பதில் – ஆற்காடு மருமகள்

அக்கா, என் மாமியாருக்கும் முற்றிய மறதி நோய் இருந்தது. உணவுக் குழாய் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் இதே பேச்சு எழுந்தது. முற்றிய மறதி நோயில் குழாய் போடுவதால் ஆயுள் கூடுவதுமில்லை, புரையேறி நுரையீரலில் சளி கட்டுவது நிற்பதுமில்லை என்று மருத்துவர் விளக்கினார். அது என்னவென்று புரியாமல் நோயாளி அதைப் பிடுங்குவார். பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டுவார்கள். நாடா தள்ளிய கையைக் கட்டிப்போட உங்களுக்கு மனம் வருமா?

நாங்கள் கையால் ஊட்டுவதைத் தேர்ந்தெடுத்தோம். தலையணை அண்டக்கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியில் கேழ்வரகுக் கூழோ நன்றாகக் குழைத்த ரசம் சாதமோ கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்த பிறகே அடுத்த வாயை ஊட்டுவோம். வெறும் தண்ணீர்தான் எளிதில் புரையேறும். சற்றுக் கெட்டியாக இருப்பது இறங்கும். வாயை மூடிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான் என்று விட்டுவிடுவோம். சாப்பிடாததால் அவர் இறப்பதில்லை, உடல் விடைபெறத் தொடங்கியதால்தான் சாப்பாடு இறங்கவில்லை என்பதை அம்மாவுக்கு யாராவது அருகில் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்ல வேண்டும். பட்டினி போட்டுவிட்டோமோ என்ற குற்ற உணர்வு கடைசிவரை பார்த்துக்கொண்டவரைத்தான் பிடித்துக்கொள்கிறது.

பதில் – வழக்கறிஞர், இராணிப்பேட்டை

உச்ச நீதிமன்றம் 9.3.2018 அன்று அளித்த தீர்ப்பு, செயற்கையாக உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைப்பதை ஏற்றுக்கொண்டது; 2023 ஜனவரியில் அந்த நடைமுறை எளிமையாக்கப்பட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அலுவலர் முன்னிலையில் எழுதினால் போதும் என்றாயிற்று. ஆனால் அதை எழுதுபவர் தெளிந்த மனநிலையில் இருக்க வேண்டும். உங்கள் தந்தையால் இனி அது இயலாது, அவருக்காகப் பிள்ளைகளும் எழுத முடியாது. அப்படி எழுதிவைக்காதவர் மருத்துவமனையில் இருந்தால், இரண்டு மருத்துவக் குழுக்கள் பரிசீலித்து, குடும்பத்தாரின் சம்மதத்துடன் முடிவெடுக்க அதே தீர்ப்பு வழி செய்கிறது.

வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு அந்த நடைமுறை தேவையில்லை. எனினும், நோய் குணமாகும் கட்டம் கடந்துவிட்டது என்பதையும், வென்டிலேட்டர் வேண்டாம் என்று குடும்பம் மருத்துவருடன் பேசி முடிவெடுத்ததையும் மருத்துவக் குறிப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் பதறி 108ஐ அழைத்து வேறொரு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அங்கிருக்கும் மருத்துவருக்கு அந்தத் தாள் வழிகாட்டும். இன்னொன்று: இந்நிலையில் அவரிடம் எந்தப் பத்திரத்திலும் கைரேகை வாங்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

குடியாத்தம் மகள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டோம். திருப்பும் நேரத்தில்தான் மதிப்பெண் அதிகமாக வருகிறது. அண்ணனை எப்படிச் சம்மதிக்கவைப்பது என்பதும், வீட்டிலேயே உயிர் பிரிந்தால் என்ன செய்வது என்பதும்தான் இப்போது கவலையாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற செவிலியர், வேலூர்

அண்ணனிடம் நீங்கள் வாதாட வேண்டாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவரையும் வரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் வீடியோ அழைப்பில் சேருங்கள். மருத்துவமனையில் சேர்த்தால் அப்பாவுக்குக் கூடுதலாக என்ன கிடைக்கும் என்று அவரே நேராகக் கேட்கட்டும். தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு இருக்கும். மாதத்தில் சில இரவுகள் வந்து தங்கி அம்மாவைத் தூங்கவிடும் பொறுப்பை அவருக்குக் கொடுங்கள்.

கடைசி நாட்களில் மூச்சு விட்டுவிட்டு வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும், கைகால் சில்லிடும். கரகரப்பு பார்ப்பவருக்குத்தான் வேதனை. ஒருக்களித்துப் படுக்கவைத்தாலே பெரும்பாலும் குறையும். ஈரப் பஞ்சால் வாயையும் உதட்டையும் துடைத்துவிடுங்கள். விழுங்க முடியாமல் போனாலும் வலி மருந்தை நிறுத்தக் கூடாது. தோலுக்கடியில் ஊசியாகவோ வேறு வழியிலோ கொடுக்க இப்போதே மருத்துவரிடம் பேசி வையுங்கள். உயிர் பிரிந்த பின், அவரைப் பார்த்துவந்த மருத்துவரிடம் இறப்புக் காரணச் சான்றான 4ஏ படிவத்தை வாங்கி, 21 நாட்களுக்குள் நகராட்சியில் பதியுங்கள். கிராமமாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிய வேண்டும். எந்த மருத்துவர் அந்த நேரத்தில் வீட்டுக்கு வருவார் என்பதை இந்த வாரமே கேட்டு உறுதி செய்து, அவருடைய எண்ணை அம்மாவின் கைப்பேசியில் பதிந்து கொடுங்கள்.