பெட்டிக் கேக்கும் பனங்கட்டிப் பாணியும்: உங்களுக்கும் இப்பிடி நடந்ததோ?

நல்லூர்ப் பிள்ளை
தங்கச்சியின்ர மகளின்ர பிறந்தநாள். கேக், கனடாவில இருந்து வந்த சொக்கிளேட் கேக் மிக்ஸ். மேலுக்கு ஊத்தினது நான் காய்ச்சின பாணி. பனங்கட்டி பொதிஞ்ச குட்டானின்ர ஓலையை உரிச்சு, பனங்கட்டியைக் கொஞ்சத் தண்ணியில கரைச்சு, துணியில வடிச்சு (மண்ணும் ஓலைத்தும்பும் கிடக்கும், தெரியுந்தானே), தேங்காய் முதற்பாலும் கொக்கோவும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, அகப்பையின்ர முதுகில ஒட்டிற பதம் வரைக்கும் மெல்லிய நெருப்பில கிண்டினது. பெரியம்மா ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினவ. "ஆர் பிள்ளை அடிச்சது, எத்தினை முட்டை?" எண்டா. "பெட்டி மா பெரியம்மா, மூண்டு முட்டை" எண்டன். வாய்க்குக் கொண்டுபோன கரண்டி அப்பிடியே நிண்டிட்டுது. தட்டை மேசையில வைச்சு, சேலைத் தலைப்பால வாயைத் துடைச்சுப்போட்டு, "அதுதானே பாத்தன்" எண்டா.

என்னத்தைப் பாத்தவ? அவ ருசிச்சுச் சாப்பிட்டது என்ர பாணியை. அந்தச் சொல்லு இன்னும் மனதில கிடந்து அரிக்குது.

சாவகச்சேரி அக்கா
எனக்கு மறுவளமா நடந்தது. நத்தார் ஒளிவிழாவுக்குப் பெட்டிக் கேக்தான் கொண்டுபோனன். ஐசிங் சீனி ஒரு கோப்பைக்கு ரெண்டு மேசைக்கரண்டி தோடம்பழச் சாறு, தோலையும் கொஞ்சம் துருவிப் போட்டு மேல ஊத்தினனான். என்னைப் படிப்பிச்ச ரீச்சர் ஒரு துண்டு சாப்பிட்டிட்டு, செய்முறை கேட்டவ. பெட்டி எண்டு சொன்னன். அவ பாட்டுப் புத்தகத்தின்ர பின்பக்கத்தில தோடம்பழச் சாறின்ர அளவை மட்டும் எழுதிக்கொண்டு போனா. பெட்டியின்ர பேரைக் கேட்கவேயில்லை. எனக்கு அது பெரிய மரியாதையாப் பட்டது.

பருத்தித்துறையான்
நல்லூர்ப் பிள்ளை, கோவிக்காதேங்கோ, பெரியம்மாவிலயும் நியாயம் இருக்கு. சீனியும் பட்டரும் வெள்ளையா வரும் மட்டும் கையால அடிச்ச தலைமுறை அவ. பெட்டி மாவில எண்ணெய்தான் விடுறது, பட்டரின்ர மணம் எங்கால வரும்? எங்கட அம்மாவும் அப்பிடித்தான், ஒரு வாயிலயே பிடிச்சிடுவா.

கொக்குவில் அண்ணை
பருத்தித்துறையான் சொல்லுறதை நான் ஏற்கமாட்டன். எண்ணெய் விட்ட கேக் பிரிட்ஜில வைச்சாலும் இறுகாது, பட்டர்க் கேக் இறுகும். மணம் வேணுமெண்டா தண்ணிக்குப் பதிலா ஆறின கடுங்கோப்பி விடுங்கோ, கொக்கோ எழும்பி நிக்கும். பெட்டிக்கும் பாணிக்கும் பழைய உறவு இருக்கு. அமெரிக்காவில, பிற்ஸ்பேர்க்கில டஃப் கம்பனி 1933இல காப்புரிமை எடுத்த கேக் மாவே கரும்புப் பாகை உலர்த்தி மாவோட சேர்த்ததுதான்.

பிள்ளைக்கு ஒண்டு சொல்லுறன். முதற்பாலைக் கொதிக்க விடாதேங்கோ, திரைஞ்சு எண்ணெய் பிரியும். கேக் நல்லா ஆறவேணும், பாணி இளஞ்சூடா இருக்கவேணும். கேக் சூடெண்டா பாணி முழுக்க உள்ளுக்கை இறங்கி, மேல ஒண்டும் நிக்காது. சொக்கிளேட் உருக்கி ஊத்திறவை ஈரக் கரண்டி போடக்கூடாது, துளித் தண்ணி பட்டாலே கட்டியாகும். அப்பிடியானா, சூடான பாலைக் கொஞ்சங் கொஞ்சமா விட்டுக் கிண்டினா இளகும். அதைப் பேந்து மேல ஊத்தலாம். கிறீமும் சொக்கிளேட்டும் சமநிறை எண்டு புத்தகத்தில இருக்கும். எங்கட சித்திரை வெயிலுக்கு அது வழிஞ்சு போகும், கிறீம் ஒரு பங்குக்குச் சொக்கிளேட் ரெண்டு பங்கு போடுங்கோ. கொக்கோ பட்டர் 34 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிற சாமான்.

நல்லூர்ப் பிள்ளை
அண்ணை, நான் கேட்டது பெரியம்மாவைப் பற்றி! ஆனாலும் கோப்பி விட்டுப் பாக்கிறன். பருத்தித்துறையான், உங்கட அம்மாவுக்கு ஒரு வாயிலயே பிடிபடும் எண்டுறியள். எங்கட பெரியம்மா ரெண்டாந்துண்டு பாதி முடியும் மட்டும் ஒண்டும் சொல்லேல்லை. நான் வாய் திறந்தபிறகுதான் அவவுக்கு ருசி மாறினது.